புதுக் காருக்கு எந்த ஆயில்? கடைக்கு வருகிறவர்கள் கேட்பவை

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஆயிலும் ஃபில்டரும் விற்கிற கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். அம்பை, நாங்குநேரி, ஆலங்குளம், திசையன்விளை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கார்தான் புதுசு, கேள்விகள் பழசு. ஒரே பதிலை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது. சில கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, இருக்கதுலயே நல்ல ஆயிலா ஒண்ணு குடுங்க. எது நல்லது?

எந்தக் கார், எந்த வருஷம், பெட்ரோலா டீசலா, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற விசிறி) உண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு இதிலேயே எரிச்சல் வந்துவிடும். ஆனால் எல்லா வண்டிக்கும் நல்லது என்று ஓர் ஆயில் கிடையாது. உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துவதுதான் உங்களுக்கு நல்ல ஆயில்.

அது எது என்பது காரிலேயே எழுதியிருக்கிறது. டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறதே ஒரு கையேடு, அதை எடுங்கள். ஆயில் பற்றிய பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கும்: கிரேடு (0டபிள்யூ-20 மாதிரி), தரக்குறி (ஏபிஐ எஸ்பி மாதிரி), எத்தனை லிட்டர் என்ற அளவு. அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தால் ரெண்டு நிமிஷத்தில் ஆயிலோடு அனுப்பிவிடுவேன். சில கார்களில் ஆயில் ஊற்றுகிற மூடியின் மேலேயே கிரேடு பொறித்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் அதே கார்தான் வைத்திருக்கிறார், அவர் போட்டதையே கொடுங்கள் என்று கேட்காதீர்கள். பேர் ஒன்றாக இருக்கும், எஞ்சின் வேறாக இருக்கும். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் எஞ்சினை மாற்றுகிறார்கள்.

5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த 30 சூட்டின் அளவா?

இல்லை. ஆயில் எவ்வளவு கட்டி, எவ்வளவு இளக்கம் என்பதற்கு எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வைத்த எண் அது. டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கிற எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் காட்டும். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் சோதித்துத் தேறியது, 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. நமக்கு மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே போனாலே போர்வை தேடுகிறோம். அதனால் அந்த முதல் எண்ணில் நம் ஊருக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது.

பின்னால் வருகிற எண்தான் முக்கியம். எஞ்சின் சூடாகி ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது உள்ள பிசுக்கு அளவு அது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (பிசுக்கை அளக்கிற அலகு) வரை, 30 என்றால் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை. எண் கூடக் கூட ஆயில் கட்டி.

நம்ம ஊரு வெயிலுக்குக் கட்டியான ஆயில்தானே தாங்கும்? 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கே!

கடையில் அதிகம் வாக்குவாதம் நடக்கிற கேள்வி இதுதான்.

அக்னி நட்சத்திரத்தில் வள்ளியூர் ரோட்டில் வெளியே 40 டிகிரி அடிக்கிறது என்று வையுங்கள். எஞ்சினுக்குள் ஓடுகிற ஆயில் அப்போது 90லிருந்து 110 டிகிரியில் இருக்கும். அதே காரை ஊட்டிக்குக் கொண்டுபோய் 15 டிகிரி குளிரில் ஓட்டினாலும், நன்றாகச் சூடான பிறகு, ஆயில் கிட்டத்தட்ட அதே சூட்டுக்குத்தான் வரும். காரணம் தெர்மோஸ்டாட். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் அடைத்து வைக்கும், அப்புறம் திறந்துவிடும். வெளியே வெயில் கூடினால் ரேடியேட்டர் ஃபேன் கூட நேரம் சுற்றும். வெயிலைச் சமாளிக்கிற வேலை கூலன்டுக்கும் ஃபேனுக்கும்தான். கூலன்டை இரண்டு வருஷமாகப் பார்க்காமல் விட்டுவிட்டு ஆயிலைக் கட்டியாக்கிப் பிரயோஜனம் இல்லை.

கட்டி ஆயிலால் கெடுதல் என்ன என்று கேட்பீர்கள். இப்போது வருகிற எஞ்சின்களில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயில் போகிற சின்னச் சின்னத் துவாரங்கள் எல்லாம் இளக்கமான ஆயிலைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற அமைப்பு ஆயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. 40 டிகிரியில் 0டபிள்யூ-20 ஆயில் சுமார் 40, 45 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 20டபிள்யூ-50 என்றால் 150ஐத் தாண்டும். மூன்று மடங்குக்கு மேல் கட்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் மேலே வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் வரை ஆயில் ஏறவேண்டும். சுக்குக் காப்பி ஓடவேண்டிய குழாயில் கருப்பட்டிப் பாகை ஊற்றினால் எப்படி ஏறும்? எஞ்சின் தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தக் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான். மைலேஜ் குறைவது தனி நஷ்டம்.

என் மச்சினன் விஷயத்தைச் சொல்கிறேன். ஒன்றரை வயசு பெட்ரோல் கார். ரோட்டோர ஒர்க் ஷாப் ஒன்றில் சிக்கனம் என்று ஆயில் மாற்றினான். பேரலில் இருந்ததை ஊற்றியிருக்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் டக் டக் என்று சத்தம், மைலேஜும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைவு. என்ன கிரேடு என்று கேட்டால், "வெயிலுக்கு நல்லதுன்னு 15டபிள்யூ-40 ஊத்தினோம்" என்றார்கள். புத்தகத்தில் இருந்தது 0டபிள்யூ-20. வடித்துவிட்டு சரியானதை ஊற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. ரெண்டு ஆயில் செலவு, சிக்கனம் போன இடம் தெரியவில்லை.

பெரியவர்கள் கட்டி ஆயில் கேட்பதில் தப்பு சொல்லமாட்டேன். அம்பாசிடருக்கும் பழைய ஜீப்புக்கும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஊற்றித்தான் அவர்கள் காலம் தள்ளினார்கள். அந்த எஞ்சின்களுக்கு அது சரி.

அப்படியானால் எப்போதுமே இளக்கமான ஆயில்தானா?

புத்தகம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சில கையேடுகளில் வெளிவெப்பத்தை வைத்து ஒரு பட்டியல் இருக்கும். 0டபிள்யூ-20 முதல் தேர்வு, 5டபிள்யூ-30யும் போடலாம் என்று இருந்தால், ஆறேழு பேரும் சாமானுமாக ஏற்றிக்கொண்டு மலைப் பாதை ஏறுகிறவர்கள், மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் நாலுவழிச் சாலையில் தினம் விரட்டுகிறவர்கள் 5டபிள்யூ-30 எடுக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். ஒரே கிரேடுதான் எழுதியிருக்கிறது என்றால் அந்த ஒன்றுதான், பேச்சே இல்லை.

சிந்தடிக், செமி, மினரல் – எதை வாங்க?

மினரல் என்றால் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்தது, சிந்தடிக் என்றால் ஆலையில் இன்னும் பக்குவப்படுத்திச் செய்தது, செமி ரெண்டும் கலந்தது. 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 கேட்கிற காருக்கு இந்தக் கேள்வி அதிகம் எழாது. வெறும் மினரல் ஆயிலில் அந்த கிரேடைச் செய்ய முடியாது, பெரும்பாலும் சிந்தடிக்தான். 5டபிள்யூ-30யில் செமியும் கிடைக்கும். தரக்குறி ஒன்றாக இருந்து, ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறவர் என்றால் செமியிலும் குறை இல்லை. டர்போ எஞ்சின் என்றால் முழு சிந்தடிக். டர்போவின் அச்சு ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. அந்தச் சூட்டில் கருகாமல் நிற்க அதுதான் வேண்டும்.

ஒரு கதை. "ஃபுல் சிந்தடிக்" என்று டப்பாவில் போட்டிருப்பதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து, ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்ததையும் சிந்தடிக் என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்தது. விளம்பரத் தகராறுகளைத் தீர்க்கிற அமைப்பு 1999ல் சொல்லலாம் என்று காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொல்லிவிட்டது. அதிலிருந்து டப்பாவில் அந்த வார்த்தையைவிட பின்பக்கம் இருக்கிற தரக்குறிக்குத்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

எஸ்என், எஸ்பி என்று ஏதோ இருக்கிறதே?

அதுதான் ஏபிஐ தரக்குறி, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வைத்தது. பெட்ரோல் எஞ்சினுக்கு எஸ் என்று தொடங்கும், அடுத்த எழுத்து எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதுசு. எஸ்என் 2010ல் வந்தது, எஸ்பி 2020ல், எஸ்க்யூ 2025ல். பெட்ரோல் காரைப் பொறுத்தவரை பழைய குறி கேட்கும் எஞ்சினுக்குப் புதுக் குறி போடலாம். புது எஞ்சினுக்குப் பழையதைப் போடக்கூடாது.

சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் எஸ்பிக்குக் குறைந்து வாங்கவே வேண்டாம். குறைந்த வேகத்தில் திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது, பிளக் பொறி வைப்பதற்கு முன்பே உள்ளே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு இந்த வகை எஞ்சினில் உண்டு. பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் கால்சியம் சேர்மானம் கூடினால் அது வாய்ப்பைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்து, எஸ்பியில் அதற்குச் சோதனையே வைத்திருக்கிறார்கள். டைமிங் செயின் தேய்மானத்துக்கும் அதில் சோதனை உண்டு.

அலமாரியில் இன்றும் எஸ்எஃப், எஸ்எல் டப்பாக்கள் மலிவாகக் கிடைக்கும். அவை பழைய வண்டிக்கு.

ஷோரூமிலிருந்து இப்பதான் எடுத்தேன். 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடவா?

முதல் இலவச சர்வீஸில் பெரும்பாலும் பார்த்து, முறுக்கி, சரிபார்த்து அனுப்புவார்கள். ஆயில் மாற்றச் சொல்லி புத்தகத்தில் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் தேவையில்லை. கம்பெனி ஊற்றி அனுப்பிய ஆயில் அந்த எஞ்சினுக்குத்தான் ஊற்றப்பட்டது. முதல் 1,000 கிலோமீட்டரில் அதைவிடக் கவனிக்கவேண்டியது ஓட்டும் விதம். கேடிசி நகரில் நாலுவழிச் சாலையில் ஏறி ஒரே வேகத்தில் கன்னியாகுமரிவரை விடாதீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள், முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காதீர்கள்.

வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. 10,000 ஆனதும் மாற்றிக்கொள்ளலாம்தானே?

கூடாது. பல கம்பெனிகளின் கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. எல்லோரும் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

குறைவாக ஓடுகிற கார்தான் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும். பெருமாள்புரத்தில் வீடு, முருகன்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூடம், காலையும் மாலையும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது. கூலன்ட் முள் ஏறிவிட்டாலும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் பல கிலோமீட்டர் ஓடவேண்டும். அதற்குள் வீடு வந்துவிடுகிறது. எரியாத பெட்ரோலும், எரிந்ததில் உண்டான நீராவியும் ஆயிலுக்குள் இறங்கித் தங்கிவிடுகின்றன. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் நுரை போல வெள்ளையாக ஒட்டியிருப்பதை இப்படிப்பட்ட கார்களில் பார்க்கலாம். வாரம் ஒருமுறை திருச்செந்தூர் வரை ஒரே ஓட்டமாகப் போய்வாருங்கள். முருகன் தரிசனமும் ஆச்சு, ஆயிலில் இருந்த ஈரமும் ஆவியாகிவிடும்.

குட்டைப் பயணம், தூசி, நின்றபடியே எஞ்சின் ஓடுவது இவற்றைக் கையேட்டில் கடுமையான உபயோகம் என்று தனியாக எழுதி, தவணையைக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். திசையன்விளைப் பக்கம் தேரி மணல், ராதாபுரம் பக்கம் கல்குவாரித் தூசி என்று புழங்குகிறவர்கள் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கவேண்டும். ஏர் ஃபில்டரையும் சேர்த்துக் கவனியுங்கள். அது கிழிந்தால் எந்த ஆயில் ஊற்றினாலும் மணல் அரைத்துவிடும்.

டீசல் காருக்கு லாரி ஆயிலையே ஊற்றலாமா? ரெண்டும் டீசல்தானே?

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ஆயில் கொஞ்சம் எரியும்போது அதிலுள்ள உலோகச் சேர்மானங்கள் சாம்பலாகி அந்த வடிகட்டியில் படிகின்றன. கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஐரோப்பியக் குறியில் ஏசிஇஏ சி2, சி3 என்று வருபவை இந்த வகை. உங்கள் காருக்கு எது என்பது புத்தகத்தில். பழைய லாரி ஆயிலை ஊற்றி வடிகட்டி அடைத்துக்கொண்டால், அதை மாற்றுகிற செலவுக்குப் பல வருஷத்து ஆயில் வாங்கலாம்.

இன்னொன்று. டீசல் காரில் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். வடிகட்டியிலுள்ள கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் தெளிக்கும். பாளைக்கும் டவுனுக்கும் மட்டுமே ஓடி, அந்த எரிப்பு முடியுமுன் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால் மிஞ்சிய டீசல் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு பார்க்கிற குச்சியில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்றவேண்டும்.

கம்பெனி பேர் போட்ட ஆயில்தான் வாங்கணுமா?

கிரேடும் தரக்குறியும் பொருந்தினால் சர்வோ, மாக், ஹெச்பி, காஸ்ட்ரால், ஷெல், மொபில் எதுவும் சரி. காரின் பேர் போட்ட டப்பாவுக்குள் இருப்பதும் ஏதோ ஓர் ஆயில் கம்பெனி செய்து கொடுத்ததுதான். ஆனால் வாரன்டி இருக்கிறவரை அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்வது தகராறில்லாதது. வெளியே மாற்றினால் ஆயில் கிரேடு எழுதிய பில் கையில் இருக்கட்டும். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள், வடிக்கிற போல்டின் வாஷரையும்.

பைக் ஆயில் மிச்சம் இருக்கிறது, காரில் ஊற்றலாமா?

வேண்டாம். கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றுவது அதைவிட மோசம். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, கார் ஆயிலின் வழுக்கலில் அது நழுவத் தொடங்கிவிடும்.

போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிக்க?

பாதி விலைக்கு வந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, உள்ளே ஃபாயில் சீல் உண்டா, தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கியூஆர் குறியீடு இருந்தால் போனில் ஸ்கேன் செய்யுங்கள். காலி டப்பாவை ஒர்க் ஷாப்பில் விட்டுவராதீர்கள். மூடியில் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துப் போடுங்கள். போலிக்காரனுக்குச் சரக்கு சுலபமாகக் கிடைக்கும், நல்ல டப்பாதான் கிடைக்காது.

ஆயில் கறுத்துவிட்டது. கெட்டுப்போச்சா?

டீசலில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும், அது இயல்பு. கரியை ஆயில் தன்னோடு தூக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

குற்றாலம் போகிற வழியில் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தால்?

அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்கும் அது. சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். சமதளத்தில் பத்து நிமிஷம் விட்டு, குச்சியைத் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால் அதே கிரேடை ஊற்றுங்கள். பிராண்டு வேறானால் பரவாயில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே பல கார்களில் ஒரு லிட்டர் அளவுதான், எனவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோகவேண்டும்.

காருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. ஆயில் மட்டும் மாற்றினால் போதுமா?

2023 டிசம்பர் 17, 18ஐ இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் வண்ணாரப்பேட்டைக்குள்ளும் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் பலர் செய்த தப்பு, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பியது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிச் சரிசெய்திருக்கக்கூடிய எஞ்சின், அந்த ஒரு திருப்பலில் பிரித்துவேலைக்குப் போனது.

ஸ்டார்ட் செய்யாதீர்கள். முடிந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, இழுத்துக்கொண்டு போய், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். குச்சியில் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து இன்னொரு முறை மாற்றவேண்டியிருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை மறந்துவிடாதீர்கள்.

மைலேஜ் கூட்டுகிற திரவம், எஞ்சின் ஃபிளஷ் எல்லாம்?

எனக்கு அதில் லாபம் அதிகம். உங்களுக்கு வேண்டாம்.

பழைய ஆயிலை என்ன செய்ய?

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிற இளவட்டங்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வடித்ததைச் சாக்கடையிலோ தென்னைமரத்து மூட்டிலோ ஊற்றாதீர்கள். சாக்கடை பாளையங்கால்வாயில் விழும், கால்வாய் வயலுக்குப் பாயும். கரையான் வராது என்று கதவு நிலையில் பூசுகிறவர்களும் உண்டு, அதில் இருப்பது தோலுக்கு ஆகாத சரக்கு. சட்டப்படியும் அது அபாயகரக் கழிவு. பழைய கேனில் ஊற்றி மூடி, ஆயில் மாற்றுகிற ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். அவர்களிடம் மொத்தமாக எடுக்க ஆள் வருவார்கள். எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாலும் சரி, பின்பக்கம் நீலப் பேரல் இருக்கிறது. தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் கொண்டுவாருங்கள்.